அக்குளில் ஈரம் இருக்கிறதா? தானியங்கு நரம்புகளும் அவற்றைத் தொடும் மருந்துகளும்

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பித் தரும். அந்த வெயிலில் கல் குவாரியிலும் செங்கல் சூளையிலும் நிற்பவரைக் காப்பாற்றுவது வியர்வை மட்டும்தான். காற்றின் சூடு உடம்பின் சூட்டை மிஞ்சிய பிறகு, உடம்பிலிருந்து சூடு வெளியேற வேறு வழி கிடையாது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூடு அதோடு போய்விடும்.

வியர்வையால் இன்னொரு உபயோகமும் உண்டு. நம் உத்தரவுக்குக் காத்திராமல் இயங்கும் நரம்புகளில் எது பழுது, எந்த மருந்து எங்கே கை வைத்திருக்கிறது என்பதை ஊசி, ஸ்கேன் எதுவும் இல்லாமல் காட்டிக்கொடுப்பது தோலின் ஈரம்தான். பூச்சிமருந்து ஏறியவருக்கும் ஊமத்தை தின்றவருக்கும் தேள் கொட்டியவருக்கும் சர்க்கரை இறங்கியவருக்கும் தோல் வேறு வேறு மாதிரி இருக்கும். ஏன் அப்படி என்று புரிய, நரம்பின் வயரிங்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தானியங்கு நரம்பு மண்டலத்தில் பரிவு, எதிர்ப்பரிவு என்று இரண்டு பிரிவுகள். பரிவு ஆக்சிலேட்டர், எதிர்ப்பரிவு பிரேக் என்று சொல்லிக்கொடுத்து முடித்துவிடுவது வழக்கம். பரீட்சைக்கு அது போதும், மருந்துக்குப் போதாது. இரண்டு பிரிவிலும் மூளைத்தண்டிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ புறப்படும் நரம்பு நேரே உறுப்புக்குப் போவதில்லை. வழியில் ஒரு நரம்பு முடிச்சில் இரண்டாவது நரம்பிடம் செய்தியைக் கைமாற்றும். பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேல் பகுதியிலிருந்தும் கிளம்புகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் 3, 7, 9, 10ஆம் கபால நரம்புகளோடும், தண்டுவடத்தின் அடிமுனையிலிருந்தும் வருகின்றன. பத்தாவதுதான் வேகஸ். இதயம், நுரையீரல், குடலின் பெரும்பகுதி எல்லாம் அதன் கையில்.

எந்த முடிச்சானாலும் அங்கே செய்தியைக் கடத்தும் ரசாயனம் அசிட்டைல்கோலின். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கு நிக்கோடினிக் என்று பெயர். பீடி, சிகரெட்டின் நிக்கோடின் இதே ஏற்பியில் போய் உட்காரும். இரண்டு தரப்பு முடிச்சுகளையும் அது ஒரே சமயத்தில் தட்டிவிடுவதால், முதல் முறை புகைக்கிறவருக்குப் படபடப்பு, குமட்டல், சில்லென்ற வேர்வை மூன்றும் சேர்ந்து வரும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் நாள் முழுக்கப் பீடி சுற்றுகிற பெண்களுக்குப் புகையிலைத் தூளிலிருந்து நிக்கோடின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகிறது. அவர்களுடைய தலைவலிக்கும் குமட்டலுக்கும் இதையும் ஒரு காரணமாக யோசிக்க வேண்டும்.

முடிச்சைத் தாண்டிய பிறகுதான் வழி பிரிகிறது. எதிர்ப்பரிவின் கடைசி முனையில் மறுபடி அசிட்டைல்கோலின், வாங்குவது மஸ்கரினிக் ஏற்பி. பரிவின் கடைசி முனையில் நார்அட்ரினலின், வாங்குவது ஆல்ஃபா, பீட்டா ஏற்பிகள். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி பரிவு நரம்பின் நீட்சி மாதிரியே வேலை செய்து, அட்ரினலினை நேராக ரத்தத்தில் விடும்.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலக்கு உண்டு. வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்பு. ஆனால் அதன் முனையில் சுரப்பது அசிட்டைல்கோலின், வாங்குவது மஸ்கரினிக் ஏற்பி. பூனையின் பாதத்தில் சோதித்து இதை 1934இல் நிறுவியவர்கள் ஹென்றி டேலும் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கும். இரண்டு வருஷம் கழித்து, தவளை இதயத்தில் வேகஸின் ரசாயனத்தைக் கண்டுபிடித்த ஓட்டோ லோவியோடு டேல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ஒரு விலக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல விஷயங்கள் தாமாகவே பிடிபடும்.

ஏற்பிகளைப் பற்றிச் சுருக்கமாக: ஆல்ஃபா 1 ரத்தக்குழாயைச் சுருக்கும், கண்பாவையை விரிக்கும், சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். பீட்டா 1 இதயத்தை வேகப்படுத்தும். பீட்டா 2 மூச்சுக்குழாயைத் தளர்த்தும், கையில் நடுக்கம் தரும். மஸ்கரினிக் ஏற்பி இதயத்தை மெதுவாக்கும், மூச்சுக்குழாயை இறுக்கும், கண்பாவையைச் சுருக்கும், குடலையும் சிறுநீர்ப்பையையும் பிழியும், எச்சில், கண்ணீர், சளி, வியர்வை எல்லாவற்றையும் சுரக்கவைக்கும். இதயத்தின் சொந்தத் தாளம் நிமிடத்துக்கு 100 அளவில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நாடி 70 என்று இருக்கிறதென்றால், வேகஸ் ஓயாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

வயலில் மருந்து அடிக்கும்போது

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த ரகக் கத்தரியானாலும் தண்டு துளைப்பானும் காய்ப்புழுவும் விடுவதில்லை. புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. அதனால் அடுத்தடுத்து மருந்து அடிக்கும் பழக்கம் கத்தரி போடுகிற எல்லா ஊர்களிலும் இருக்கிறது. குளோர்பைரிபாஸ், புரொஃபெனோபாஸ் போல ‘பாஸ்’ என்று முடியும் மருந்துகள் பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை.

நரம்பு முனையில் சுரந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் உடைத்துத் தள்ள ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். உடைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் தேங்கும். மஸ்கரினிக் முனைகளில் தேங்கினால் வேர்த்துக் கொட்டும், வாயில் எச்சில் வழியும், வாந்தி, பேதி, தன்னையறியாமல் சிறுநீர், ஊசிமுனைக் கண்பாவை, எல்லாவற்றையும் விட ஆபத்தாக நுரையீரலில் சளி வெள்ளம். தசையில் தேங்கினால் முதலில் சதை துடிக்கும், பிறகு சோரும். மூளையில் தேங்கினால் மயக்கம், வலிப்பு. கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகளும் இதே நொதியைத்தான் பிடிக்கும், ஆனால் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் தானாக விட்டுவிடும்.

மே மாதம் பகல் வேளையில் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தவர் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுக்கிறார், உடம்பெல்லாம் வேர்வை. வெயில் அசதியா, மருந்து ஏறியதா? இங்கே வேர்வையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கண்பாவையைப் பாருங்கள். வெயில் வெளிச்சத்தில் யாருக்கும் அது கொஞ்சம் சுருங்கும், ஆனால் நிழலுக்கு வந்த பிறகும் ஊசிமுனையாக இருந்தால் அது வெயில் அசதியால் அல்ல. கண்ணில் நீர், வாயில் எச்சில், மார்பு இறுக்கம், இமையிலோ தொடையிலோ சதைத் துடிப்பு ஆகியவற்றில் ஒன்று கூட இருந்தால் மருந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கண்பாவை சுருங்கவில்லை என்பதாலேயே மருந்து இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. முடிச்சில் உள்ள நிக்கோடினிக் ஏற்பிகள் பரிவு நரம்பைத் தூண்டிவிட்டால், ஆரம்பத்தில் நாடி வேகமாகவும் பாவை விரிந்தும் இருக்கலாம்.

டேங்க் மூடியில் கசிவு இருந்து சட்டை முதுகில் நனைந்திருப்பதுதான் அடிக்கடி நடப்பது. சூடான, வேர்த்த தோல் மருந்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். ஆகவே முதல் வேலை துணியைக் கழற்றுவது. சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டுத் தலைமுடி, காது மடல், அக்குள், நகக்கண் வரை கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையில் ரப்பர் உறை இல்லையென்றால் பாலிதீன் பையையாவது கட்டிக்கொள்ளட்டும். கழற்றிய துணியை ஆம்புலன்சில் கூடவே ஏற்றாமல் கட்டி வெளியே வையுங்கள். மருந்து டப்பாவையோ லேபிளையோ மட்டும் எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அதில் எழுதியிருக்கும் ரசாயனப் பெயர் வேண்டும்.

மருந்து வாய் வழியாகப் போயிருந்தால் புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஊருக்கு ஊர் இருக்கிற இந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். மருந்தோடு கலந்திருக்கும் எண்ணெய்க் கரைப்பானும் வாந்தியும் சேர்ந்து மூச்சுக்குழாயில் போய்விடும், ஏற்கனவே மயங்கிக்கொண்டிருப்பவரால் இருமித் தள்ள முடியாது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். மன உளைச்சலில் நடந்ததென்றாலும் முதலில் மூச்சு, மற்ற பேச்செல்லாம் பிறகு. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, 104 என்ற இரண்டு எண்களும் எந்நேரமும் இருக்கின்றன.

மருத்துவமனையில் உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரோபின். மஸ்கரினிக் ஏற்பியில் இது போய் உட்கார்ந்துகொண்டால் தேங்கிய அசிட்டைல்கோலினுக்கு அங்கே இடம் இருக்காது. நம் ஊரில் கிடைக்கும் சிறு ஆம்பூலில் 0.6 மில்லிகிராம் இருக்கும். பெரியவருக்கு முதல் டோஸ் 1.8 முதல் 3 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் பலன் தெரியாவிட்டால் அடுத்தது இரட்டிப்பு, பிறகும் இரட்டிப்பு. மூன்று ஆம்பூலில் தொடங்கினாலும் 3, 6, 12, 24 என்று போய்ப் பதினைந்தாவது நிமிடத்தில் 45 ஆம்பூல் தீர்ந்திருக்கும். சிறிய ஆஸ்பத்திரியின் அவசரத் தட்டில் பத்து ஆம்பூல்தான் இருக்கிறது என்றால், அந்த ஆஸ்பத்திரி இந்த நோயாளிக்குத் தயாராக இல்லை என்று அர்த்தம். அந்தப் பத்தையும் போட்டுவிட்டு உடனே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்புவதுதான் சரி.

எங்கே நிறுத்துவது? ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நுரையீரலில் களகளப்பு இருக்கக் கூடாது. நாடி 80க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேல், கண்பாவை ஊசிமுனையாக இல்லாமல், அக்குள் காய்ந்து இருக்க வேண்டும். அக்குளைத் தொட்டுப் பார்ப்பது நர்ஸ் ஒருவர் ஐந்து விநாடியில் செய்யக்கூடிய சோதனை. பரிவு நரம்பே ஆனாலும் வியர்வை அசிட்டைல்கோலினில் ஓடுவதால்தான் அட்ரோபின் அங்கேயும் வேலை செய்கிறது, ஏற்பிகள் அடைபட்டதா என்று அக்குளே சொல்கிறது. இலக்கை எட்டியதும், அதுவரை ஏறிய மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை ஒரு மணி நேரத்துக்கு என்ற கணக்கில் டிரிப்பில் ஓடவிடுவார்கள்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும். நாடி ஏற்கனவே 120 இருக்கிறதே, அட்ரோபின் போட்டால் இன்னும் ஏறுமே என்று தயங்குவது ஒன்று. மூச்சுத்திணறலாலும் நிக்கோடினிக் தூண்டலாலும் ஏறிய நாடி அது, நுரையீரலில் களகளப்பு இருக்கும்வரை தயங்கக் கூடாது. மற்றொன்று, காய்ந்த பிறகும் அதே வேகத்தில் ஓடவிடுவது. குடல் சத்தம் அடங்கிவிட்டது, சிறுநீர் வரவில்லை, ஜுரம், ஆள் கட்டிலில் புரண்டு பிதற்றுகிறார் என்றால் அது இப்போது அட்ரோபின் விஷம். ஏசி இல்லாத வார்டில் மே மாதத்தில் வேர்வை அடைபட்ட நோயாளிக்கு உடம்புச் சூடு எகிறும். டிரிப்பை நிறுத்தி, அரை மணி நேரம் போல விட்டு விட்டுப் பார்த்து, குறைந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும்.

அட்ரோபின் தசையைத் தொடாது, அங்கே இருப்பது நிக்கோடினிக் ஏற்பி. அதனால்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோர்ந்துபோகும் ‘இடைநிலைக் கோளாறு’ வருகிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்ப்பது இதற்காகத்தான். தூக்க முடியாதவருக்கு வென்டிலேட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நொதியிலிருந்து விஷத்தைப் பிய்த்தெடுக்கும் மருந்து பிராலிடாக்சிம். விஷம் ஒட்டிச் சில மணி நேரமோ, வகையைப் பொறுத்து ஒன்றரை நாளோ ஆகிவிட்டால் பிடி இறுகி, பிய்க்க வராது. ஏட்டில் அருமையான மருந்துதான். 1990களில் வேலூர் சி.எம்.சி.யிலேயே குலுக்கல் முறைச் சோதனை நடத்திப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. பின்னர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 2006இல் வந்த ஆய்வு அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் பலன் உண்டு என்றது. இலங்கையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இல்லை என்றது. விவாதம் இன்னும் ஓயவில்லை. பிராலிடாக்சிம் கிடைக்கவில்லை என்று நோயாளியை ஊர் ஊராக அலைக்கழிப்பது மட்டும் நிச்சயமாகத் தவறு. அட்ரோபினும் ஆக்சிஜனும் மூச்சுக்காகத் தொண்டை வழியே இறக்கும் குழாயும்தான் முதலில்.

காய்ந்த தோல்

பாலாற்றங்கரையிலும் குப்பைமேட்டிலும் தானாக முளைத்து நிற்கும் ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் அதன் நெருங்கிய உறவான ஹையோசினும். விதையைத் தின்ற பிள்ளைக்குக் கண்பாவை அகல விரியும், நாக்கு ஒட்டும், தோல் சிவந்து கொதிக்கும், சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பும், இல்லாததைக் காற்றில் பிடிக்கும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் அக்குளைத் தொட்டுப் பார்த்தால் போதும். பயத்திலோ வெறியிலோ துள்ளுகிறவருக்கு வேர்க்கும், ஊமத்தை தின்றவருக்கு வேர்க்காது. மருத்துவமனையில் டயசிபாம் போன்ற மருந்தால் அமைதிப்படுத்தி, தோலை நனைத்து விசிறி, சிறுநீர்க் குழாய் போட்டு ஒன்றிரண்டு நாள் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். மனநல மருந்தான குளோர்புரோமசினுக்கு அட்ரோபின் குணமும் கொஞ்சம் உண்டு, ஆகவே அதைக் கொடுத்து அடக்கப் பார்ப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

அந்தக் காலத்தில் ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை பிடித்து மூச்சிரைப்பைத் தணித்தார்கள். மூச்சுக்குழாயை இறுக்கும் மஸ்கரினிக் ஏற்பி அடைபடுவதால் மூச்சு லேசாகும். அட்ரோபினின் மூலக்கூறில் ஒரு மின்னேற்றத்தைச் சேர்த்து, ரத்தத்திலும் மூளையிலும் எளிதாக நுழையாதபடி செய்ததுதான் இன்று இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோபியம். வயிற்று வலிக்கு வரும் ஹையோசின் பியூட்டில்புரோமைடும் மயக்க மருந்து மருத்துவர் எச்சிலை உலர்த்தப் போடும் கிளைக்கோபைரோலேட்டும் அதே தந்திரம். மின்னேற்றம் இல்லாதவை மூளைக்குள் போகும். வயதானவருக்குக் குழப்பம் வருவது அவற்றால்தான்.

இந்த வகை மாத்திரைகள் வீட்டில் நாம் நினைப்பதை விட அதிகம். வயிற்று வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கேட்டு வாங்கும் டைசைக்ளோமின், அரிப்புக்கும் ஜலதோஷத்துக்கும் குளோர்ஃபெனிரமின், வாந்திக்கு புரோமெதசின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்சிபியூட்டினின், மனநல மருந்தால் வரும் இறுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில். தனித்தனியாக அவ்வளவு சேதமில்லை. இரண்டு மூன்று சேர்ந்து, வயது எழுபதாகி, மே மாதமும் வந்தால் வேர்வை நின்று உடம்பு கொதிக்கும். உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் போய் ஆள் உளறத் தொடங்கினால் அது வெப்பத்தாக்கு. பாராசிட்டமால் அதற்கு உதவாது, ஏனென்றால் இது ஜுரம் இல்லை. தண்ணீரை மேலே தெளித்து மின்விசிறிக் காற்றில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மனநல மாத்திரைகளை வெயிலுக்குப் பயந்து தாமாக நிறுத்துவது இன்னொரு ஆபத்து. கோடைக்கு முன்பே எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பட்டியலைக் காட்டி எதைக் குறைக்கலாம் என்று கேட்பதே நல்லது.

பிராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு ஜலதோஷ மாத்திரை ஒன்றே போதும், ராத்திரியோடு சிறுநீர் அடைத்துவிடும். அதிலுள்ள குளோர்ஃபெனிரமின் பையைப் பிழியவிடாது, ஃபினைலெஃப்ரின் ஆல்ஃபா 1 வழியாகப் பையின் வாயை இறுக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கிறது.

தேள்

செந்தேளுக்கு அறிவியல் வைத்த பெயரில் தமிழ் இருக்கிறது, ஹாட்டன்டோட்டா தமுலஸ். அடுக்கிய செங்கல், விறகு, கல் இடுக்கு, ஓலைக் கூரை இதன் இடம். விஷம் நரம்பின் சோடியக் கதவுகளை மூடவிடாமல் செய்வதால், இரண்டு தரப்பு நரம்புகளும் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கும். முதலில் அசிட்டைல்கோலின் காலம்: வாந்தி, எச்சில், கொட்டும் வேர்வை, ஆண் பிள்ளைகளுக்கு விறைப்பு. அடுத்து அட்ரினலின் காலம்: தோலின் ரத்தக்குழாய்கள் ஆல்ஃபா 1ஆல் இறுகிக் கை கால் சில்லிட்டுப் போகும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் அந்தப் பாரத்தைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கட்டும். வேர்வையும் சில்லிப்பும் ஒன்றாக இருக்கும் பிள்ளை, கொட்டிய இடத்தில் வலி அதிகம் இல்லை என்றாலும், ஆபத்தில் இருக்கிறது. வலி மட்டும் இருந்து மற்றவை இல்லாவிட்டால் மரத்துப்போகும் ஊசியே போதும்.

இந்த ஆல்ஃபா 1ஐ அடைக்க ஒரு பழைய ரத்த அழுத்த மாத்திரை போதும் என்று 1980களில் காட்டியவர் மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர். பிரசோசின், பெரியவர்களுக்கு 500 மைக்ரோகிராம், சிறுவர்களுக்கு 250, மூன்று மணிக்கொரு முறை, கை கால் சூடாகும் வரை. சாதாரண மாத்திரையாக இருக்க வேண்டும், மெதுவாகக் கரையும் எக்ஸ்எல் வகை உதவாது. முதல் டோஸுக்குப் பிறகு அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும் என்பதால் பிள்ளையைத் தோளில் தூக்கி நிறுத்தாமல் படுக்கையிலேயே வைத்திருக்க வேண்டும். அழுகிறதே என்று அம்மா தூக்கும் அந்த நிமிடத்தில்தான் மயக்கம் வரும். தேள்விஷ முறிமருந்தையும் பிரசோசினோடு சேர்த்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011இல் அவரே வெளியிட்டார். வேர்க்கிறதே என்று அட்ரோபின் போடுவது இங்கே பெரிய பிழை. வேகஸின் பிடி விட்டுப்போய் அட்ரினலின் புயலுக்கு வழி திறந்துவிடும். இதே மாவட்டத்தில், இதே வேர்வைக்கு, வயலிலிருந்து வந்தவருக்கு 45 ஆம்பூல், சூளையிலிருந்து வந்தவருக்கு ஒன்று கூடக் கூடாது. கண்பாவையையும் கை காலின் சூட்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பிரஷர், சுகர் மாத்திரைகள்

இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் அட்ரினலின் பாய்ந்து நடுக்கமும் படபடப்பும் வரும். மெட்டோபுரோலால், அட்டெனோலால், புரோபிரனோலால் போன்ற பீட்டா அடைப்பான்கள் இந்த இரண்டு எச்சரிக்கையையும் அமுக்கிவிடும். வேர்வையை மட்டும் அமுக்க முடியாது, அது பீட்டா வழியாக வரவில்லையே. ஆகவே இந்த இரண்டு வகை மாத்திரையும் எடுப்பவருக்குக் காரணமில்லாமல் திடீரென்று வேர்த்தால், குளுக்கோமீட்டர் 70க்குக் கீழ் காட்டினாலும் சரி, மீட்டரே இல்லாவிட்டாலும் சரி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்ற வேண்டாம். சர்க்கரை கொடுத்தும் அடங்காத வேர்வையும் மார்பில் பாரமும் என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

பீட்டா அடைப்பானைச் சட்டென்று நிறுத்தினால் அதுவரை அடைபட்டிருந்த ஏற்பிகள் பெருகியிருப்பதால் இதயம் தறிகெட்டு ஓடும். இரைப்பு உள்ளவருக்கு இதே மருந்து மூச்சுக்குழாயின் பீட்டா 2ஐயும் அடைத்துவிடக்கூடும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டும் பீட்டா அடைப்பான்தான். கண்ணிலிருந்து மூக்குக்கு வடிந்து ரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கும், வீசிங்கைக் கிளப்பும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் உள்ளே போவது வெகுவாகக் குறையும்.

பிராஸ்டேட்டுக்கு எடுக்கும் டாம்சுலோசினும் ஆல்ஃபா 1 அடைப்பான். ராத்திரி படுக்கும் முன் எடுத்துவிட்டு, விடியற்காலையில் சிறுநீருக்கு அவசரமாக எழுந்து கீழே விழுகிறார்கள். சோதிப்பது சுலபம்: ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நரம்போ மருந்தோ பழுது.

காய்ந்த பாதம்

பல வருஷச் சர்க்கரை நோயில் இந்த மெல்லிய நரம்புகள் முதலில் காலில் சாகும். பாதம் வேர்க்காது, மேல் உடம்பு அதற்கும் சேர்த்து வேர்க்கும். சிலருக்குக் காரமில்லாத சாப்பாட்டுக்குக் கூட நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். தொழுநோயிலும் இதே கதை. தேமல் போன்ற அந்தத் திட்டு உணர்விழப்பது எல்லாருக்கும் தெரியும், அங்கே வேர்ப்பதும் நின்றுவிடும். அந்தக் காலத்தில் இதை வைத்தே நோயை உறுதிசெய்தார்கள். திட்டிலும் பக்கத்து நல்ல தோலிலும் மஸ்கரினிக் ஏற்பியைத் தூண்டும் பைலோகார்ப்பினைத் துளி ஊசி போட்டு, மேலே அயோடின் தடவி ஸ்டார்ச் பொடி தூவுவார்கள். வேர்க்கும் தோலில் நீலம் பூக்கும், திட்டில் பூக்காது. பைலோகார்ப்பின் நேராகச் சுரப்பியைத் தட்டுகிறதே, நரம்பு செத்தாலும் வேர்க்க வேண்டாமா என்று கேட்கலாம். நரம்பு செத்து நாளானால் சுரப்பியும் பதில் சொல்வதை விட்டுவிடும்.

வேர்க்காத பாதம் வெடிக்கும், வெடிப்பில் வலி தெரியாது, அதில் சீழ் பிடிக்கும். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் பாதப் பராமரிப்பு இதற்குத்தான், சர்க்கரை நோயாளியின் காய்ந்த பாதத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். புண் இல்லாத பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். சூடு தெரியாத கால் வெந்துபோகும் என்பதால் வெந்நீர் கூடாது. தடித்த இடத்தைச் சொரசொரப்பான கல்லால் லேசாகத் தேய்க்கலாம், பிளேடு போடக் கூடாது. துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். ஊறிய தண்ணீரைத் தோலுக்குள் பிடித்து வைப்பதுதான் எண்ணெயின் வேலை, காய்ந்த பிறகு தடவினால் பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இருக்காது. விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.